ஜினேவ்ராவின் கடைசி மணக்கோலம்

பெர்ராரா நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள் ஜினேவ்ரா, நாடகக் குழுத் தலைவன் தாதேயோவின் கையைப் பற்றி ஊர் ஊராய்ப் போனாள். வீட்டில் அவன் கணவன். மேடையிலோ முகமூடி அணிந்த கஞ்சத் தந்தை. அவள் மகள், மணப்பெண். ஆட்டம் முடியும்போதெல்லாம் கணவனே அவள் கையைப் பிடித்துக் காதலன் வேடத்தானிடம் ஒப்படைப்பான். தேவாலயத்தில் ஒருமுறையும் மேடையில் ஓராயிரம் முறையும் மணந்தவள் என்று சந்தைப் பெண்கள் அவளைக் கேலி பேசுவார்கள். பாதிரியார் முகம் சுளிப்பார். அவள் பொருட்படுத்தியதில்லை. முகமூடி இன்றித் தன் முகத்தோடு நின்று, நெஞ்சில் உள்ளதை ஊரறியப் பேச அந்த வேடம் ஒன்றே அவளுக்கு இடம் தந்தது.

எழுதிவைத்த உரை அவர்களுக்குக் கிடையாது. கதைப்போக்கை மட்டும் பேசிக்கொண்டு மேடையேறுவார்கள். ஆகவே, மேடையில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கலாகாது என்பது கட்டுப்பாடு.

அந்த வசந்தத்தில் ஃபியோரா என்னும் இளம்பெண் பணிப்பெண் வேடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு விசிறி பிடிக்கக் கற்பித்தவளே ஜினேவ்ராதான். மணப்பெண் வேடம் இனி ஃபியோராவுக்குத்தான் என்று குழுவில் முணுமுணுப்பு எழவே, ஜினேவ்ரா கணவனிடம் நேரே கேட்டாள்.

"நான் இருக்கிறவரைக்கும் நீதான்டி மணப்பொண்ணு," என்றான் தாதேயோ, ரொட்டியைச் சாற்றில் நனைத்தபடி. அவள் நம்பினாள்.

மாந்துவா நகரச் சதுக்கத்தில் ஆட்டம் முடியும் தறுவாய். வெண்பட்டுடுத்திய ஜினேவ்ரா கை நீட்டினாள். தாதேயோ அதைப் பற்றவில்லை. சிறுவயதில் தொலைந்த தன் உண்மை மகள், இதோ நிற்கும் பணிப்பெண்ணே என்று சபைக்கு அறிவித்தான்.

"அப்போ இந்த அம்மா யாரு எஜமான்?" என்றான் கோமாளி.

"என் பொண்ணுக்குப் பால் கொடுத்த செவிலிடா. பிள்ளையைத் தொலைச்சுட்டு, கண்ணு மங்கின என்கிட்ட மகளா வேஷம் போட்டிருக்கா. மூஞ்சியைப் பார்த்தா வயசு தெரியல?"

சதுக்கமே சிரித்தது. கோமாளி கறுப்பு முக்காடு ஒன்றை நீட்டினான். அது முன்பே மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபியோரா மேலுடையைக் களைந்தாள், உள்ளே மணப்பட்டு. தன்னைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பது ஜினேவ்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுக்க வழியில்லை. முக்காட்டை அணிந்துகொண்டாள்.

"ஆமாங்க எஜமான், தொலைச்சவ நான்தான். ஆனா அன்னிக்குத் தொட்டில்ல ரெண்டு பிள்ளைங்க. பொண்ணையும் அவகூடப் பொறந்த பையனையும் சேர்த்துத் தொலைச்சேன். அந்தப் பையன்தாங்க இதோ மாப்பிள்ளையா நிக்கிறான்."

அவள் சொன்னதைத் தாதேயோவும் மறுக்கலாகாது. அண்ணனும் தங்கையுமாகிவிட்ட இருவரும் கோத்திருந்த கைகளை விலக்கிக்கொண்டார்கள். மணம் இன்றி முடிந்தது ஆட்டம்.

அடுத்த ஆட்டம் வெரோனாவில். முக்காட்டோடு அவள் மேடையேறியதும், அவள் வாய் திறக்குமுன் தாதேயோ சபையைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இவ எங்க வீட்டுச் செவிலிங்க. பாவம், பிறவி ஊமை."