வக்து தவறிய கால்

அந்தப் பட்டறையில் செயற்கைக் கால் செய்தார்கள். செய்தார்கள் என்று பன்மையில் சொன்னாலும் செய்கிறவர் ஒருவர்தான். நேரில் அவரை மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘நாளைக்கு’. புதிதாக வந்த ஒருவர் விவரம் தெரியாமல், “நாளைக்குங்கறவர் இருக்காரா?” என்று கேட்க, அவரே தலையை நீட்டி, “இருக்கேன், நாளைக்கு வாங்க” என்றாராம். பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் வரும்வரை இதெல்லாம் சிரிப்பதற்கான விஷயமாகவே இருந்தது.

கண்டக்டருக்குச் சர்க்கரை நோயில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. இருவருக்கும் ஒரே பள்ளிவாசல். மாஸ்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் “இதோ” என்பார். வக்து, அதாவது தொழுகைக்கான நேரம், தாண்டியதும் “சேத்து வச்சுத் தொழுதுக்கலாம்” என்பார். தவறவிட்ட தொழுகையைப் பின்னால் தொழுவதற்குக் களா என்று பெயர். மாஸ்டரின் வயதில் பாதி களாவாகக் கிடந்தது.

கண்டக்டர் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதார். அளவு கொடுக்க வந்த அன்று ஒன்றுதான் கேட்டார்.

“மாஸ்டர், பஸ்ஸுல ஏறணும், ஓடணும்னெல்லாம் ஆசை இல்ல. நாலு பேரோட தோளோட தோள் சேந்து வரிசையில நிக்கணும். அது போதும்.”

“அடுத்த மாசம் மொத வாரம் நிக்கிறீங்க.”

மாஸ்டருக்குக் கைத்திறன் இருந்தது. பின்னால் நடந்ததற்கு அதில் குறை சொல்ல முடியாது. ஈரமான மாவுக்கட்டை எஞ்சிய காலில் சுற்றி, காய்ந்ததும் கழற்றி, அந்த அச்சை அலமாரியில் வைத்தார். அது நான்கு மாதம் அங்கேயே இருந்தது.

வெட்டப்பட்ட கால் மாதக்கணக்கில் சுருங்கும். அலமாரியில் இருக்கும் அச்சு சுருங்காது. இந்தத் தொழிலில் தாமதித்தால் வேலை தள்ளிப்போவதோடு முடியாது, அளவே பொய்யாகிவிடும். மாஸ்டருக்கு இது தெரியும். கண்டக்டரின் மனைவி வந்து சத்தம் போட்ட அன்று, புதிதாக அளவெடுக்க அரை மணி நேரம் போதும் என்பதும் தெரியும். பழைய அச்சிலேயே காலைச் செய்தார். தளர்வாக இருந்த இடத்துக்கு மூன்று துணியுறைகளை மாட்டினார்.

“கொஞ்சம் கடிக்குது மாஸ்டர்.”

“புதுச் செருப்பு மாதிரிதான். பழகிடும். அடுத்த வாரம் வாங்க, பாத்துடலாம்.”

அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது பட்டறை பூட்டியிருந்தது. மாஸ்டர் வீட்டில் படுத்திருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடித்த இடம் புண்ணாகி, சீழ் வைத்து, எலும்பு வரை போனது. இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

செய்தியைச் சொன்னவர் மாஸ்டரின் மனைவி. துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

“என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடைசியா வந்தீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. என்னப் பெத்த அத்தாவ அடக்கம் பண்ணி முடிச்சப்புறம் வந்தீங்க, நான் வாயத் திறக்கல. இதுக்கு யாரு என்ன சொல்றது?”

மறுநாள் விடியலில் மாஸ்டர் சுபுஹுத் தொழுகைக்குப் போனார். அன்றிலிருந்து ஐந்து வேளையும் பள்ளியில் நின்றார். போதாது என்று தோன்றியது. இருபது வருடக் களாவையும் தொழுது தீர்ப்பது என்று முடிவெடுத்தார். பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாவு மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து, காலையிலிருந்து தொழுதார். நெற்றியில் தழும்பு விழுந்தது. ஆளே மாறிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மூட்டைகள் பிரிக்கப்படாமல் ஈரம் குடித்துக் கல்லாயின. ஆள் மாறவில்லை. சோம்பல் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டு வந்து நின்றது, அவ்வளவுதான்.

புண் ஆறிய பிறகு ஒருநாள் கண்டக்டரின் மனைவி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். மாஸ்டர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை நின்றார். முடித்தவர் அடுத்ததற்கு எழுந்தார். அது முடியும்வரையும் நின்றார். மூன்றாவதற்குக் கை தூக்கியபோது கேட்டார்:

“மாஸ்டர், இது எந்த வக்து?”

“களாம்மா. இருபது வருஷத்து...”

“அல்லாஹ்வுக்கு விட்டதத் திருப்பிக் குடுக்கறீங்க. நல்லது. அவன் பொறுமையானவன். எங்க வீட்டுக்காரர் வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்கார். அவருக்கு விட்டத எப்பக் குடுப்பீங்க?”

மாஸ்டர் தூக்கிய கையை இறக்கினார்.

“வேற பட்டறை இருந்திருந்தா இந்த வாசல மிதிச்சிருக்க மாட்டோம். மிதிக்க அவருக்குக் காலும் இல்ல.”

மாஸ்டர் பாயைச் சுருட்டினார். நல்ல மாவு வாங்கிவர அவரே ஓடினார். மாலை அஸர் பாங்குக்கு முன்னால் அளவெடுத்து முடித்தார். கண்டக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டியிருந்தார்.

அதன்பின் மாஸ்டர் செய்தது பெரிய காரியமில்லை. ஒரு வக்துக்கும் அடுத்த வக்துக்கும் நடுவில் ஒரு வேலை. சுபுஹுக்கும் மதிய லுஹருக்கும் இடையில் அச்சில் மாவு ஊற்றுவது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் அரத்தால் ராவுவது. பாங்கு அவருக்காகத் தள்ளிப்போகவில்லை. தொழுது முடிந்ததும் வரிசை கலைந்தது. எல்லோரும் எழுந்து போகும்போது அவரும் எழுந்தாக வேண்டியிருந்தது. களாவை வக்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு ‘சும்மா ஒரு நிமிஷம்’ சாய்ந்தவர் அஸர் பாங்கில்தான் விழித்தார். அந்த ஒரு வேலை அன்று அப்படியே கிடந்தது.

பள்ளியில் இமாம் தொழுகைக்குப் பின் ஓதும் துஆவில், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் காப்பாற்றச் சொல்லி இறைவனிடம் கேட்பது வரும். இரண்டும் அடுத்தடுத்து வருவதை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மற்றொன்று அதன் பக்கத்தில் நின்றது. எது எதை உண்டாக்கியது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

பதினேழாம் நாள் கால் தயாரானது. முழங்காலுக்கு இரும்புக் கீல் வைத்த கால். அன்று அஸரில் கண்டக்டர் கடைசி வரிசையில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டரின் தோள் அவர் தோளில் பட்டது. தொழுகையின் நான்கு ரக்அத்துகளில், அதாவது சுற்றுகளில், ஒன்று நின்றார். அடுத்ததற்கு நிற்க முடியவில்லை. கீல் சத்தமிட, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து மீதியைத் தொழுதார். பழைய கால் சரியாக இருந்திருந்தால் நான்கும் நின்றிருப்பார்.

கூட்டம் கலைந்தபின் இரண்டாம் முறை கால் எடுத்தபின் முதல்முறையாகக் கண்டக்டர் அவரிடம் பேசினார்.

“உள்பக்கம் கடிக்குது.”

மாஸ்டரின் வாய்க்குள் ஒரு சொல் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

“எங்க, விரல வச்சுக் காட்டுங்க.”

கண்டக்டர் காட்டினார். மாஸ்டர் பள்ளியின் படிக்கட்டில் அவரை உட்காரவைத்து, காலைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தோல் சிவந்திருந்தது, உடையவில்லை. பட்டறைக்கு ஓடி அரத்தை எடுத்துவந்தார்.

“நாளைக்கு வரவா?” என்றார் கண்டக்டர். கேலியா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

மாஸ்டர் நிமிரவில்லை. அந்தி மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ராவத் தொடங்கினார்.