பன்னிரண்டாம் விதி

"ஹலோ, பல் டாக்டருங்களா? இல்லீங்க, பல்லுக்கு ஒண்ணுமில்ல. நம்பர் சரியான்னு பார்த்தேன். வெச்சிடறேன்."

பத்திரிகை வேலையில் நான் சேர்ந்த முதல் நாள், ப்ரூஃப் பார்க்கும் அக்காவை இப்படித்தான் கண்டேன். ஒரு காதில் தொலைபேசி, மறு காதின் மேல் சிவப்புப் பேனா. அச்சேறும் எந்த எண்ணையும் நாமே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் நோட்டில் ஐந்தாம் விதி.

ஓரம் நைந்த நீல அட்டை நோட்டு. எங்கள் பத்திரிகைக்கு எழுதும் முறையெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அது பிறக்கக் காரணமான புண்ணியவானின் பெயர். சமையல் குறிப்பில் கேட்ட சாமானெல்லாம் செய்முறையிலும் வரவேண்டும் என்ற எட்டாம் விதிக்கு எதிரே 'வெங்காயம்' என்றிருக்கும். அவர் எங்கள் உதவி ஆசிரியர். வாசகர்களை வெங்காயம் நறுக்க வைத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று கடைசிவரை சொல்லாதவர். இன்றும் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதல் கட்டுரையில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போட்டுக் கொடுத்தேன். ஊரில் அப்பா, அதை யார் யாருக்கெல்லாம் காட்டுவது என்று முடிவுசெய்து காத்திருந்தார். அக்கா ஒரே இழுப்பில் அடித்தார்.

"அக்கா, கஷ்டப்பட்டு வாங்கினது!"

"யாரு இல்லேன்னா? பன்னெண்டாம் விதி. பேருக்குப் பின்னாடி வால் கிடையாது."

"வாலா?"

"நல்ல வால்தான் தம்பி. உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஆட்டுவாங்க."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் முதலாளி எழுதிய கட்டுரை வந்தது, பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்களோடு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு விட்டால் எனக்கும் கேட்கலாமே! அக்காவின் பேனா காதிலிருந்து இறங்கியது. மூன்றும் போயின.

முதலாளி தாளோடு வந்து நின்றார். "யாரைக் கேட்டு அடிச்சே? வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். அதான் அடிச்சேன். இவனோட எம்.ஏ.வையே எடுத்தாச்சு. உங்களுக்கு விட்டா இவன் என் உயிரை எடுத்துடுவான்."

முதலாளி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்கா நோட்டைப் பிரித்துக் காட்டினார். பன்னிரண்டுக்கு எதிரே: 'பெரிய முதலாளி. பட்டமெல்லாம் போட்டதில் கட்டுரைக்கு இடமில்லை.'

"எங்கப்பாவுமா?" என்று முனகியபடி முதலாளி தாளை வைத்துவிட்டுப் போனார்.

இதழ் வந்ததும் அப்பாவுக்கு ஒரு பிரதியை உறையிலிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பிடுங்கினார். என் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை உருவி, என் பெயருக்குப் பின்னால் அச்செழுத்துப் போலவே எம்.ஏ. என்று எழுதினார்.

"விதி அச்சுக்குத்தான். கையால எழுதறதைப் பத்தி நோட்டுல ஒண்ணுமில்ல."

அக்கா இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறார். இந்தப் பக்கமும் அவரிடம்தான் போயிருக்கிறது. எம்.ஏ. போட்டேதான் கொடுத்திருக்கிறேன். காதின் மேலிருந்து பேனாவை எடுக்கிறார்.