சொந்த விலாசத்துக்கு வந்த பார்சல்கள்

வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கலாம் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த மாதிரி நோட்டீசுகளை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த கையோடு திட்டியும் இருக்கிறேன். அதனால் பிரிசில்லா முதன்முதலில் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, போன்ல லிங்க் போட்டா கமிஷன் வருமாமே, நெசமா?" என்று கேட்டபோது, "உன்ற காசைப் புடுங்காம உட்டாச் சேரி அம்மிணி" என்றுதான் சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு. வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். பிரிசில்லா கல்யாணமான புதிதில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். புருஷன் சகாயராஜ் கம்பெனியில் அயர்ன் அடிக்கிறார். இவள் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கழிவை ஒரு பக்கமும் தள்ளவேண்டும். காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே செய்கிற வேலை.

நிற்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. பஞ்சுத் தூசிதான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கடைக்கு மூன்று படி ஏறி வந்தால், கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். மூச்சு அடங்கிய பிறகுதான் என்ன வேண்டும் என்று சொல்லுவாள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தத் தூசியில் இனிமேல் நின்றால் மருந்து கேட்காது, வேறு வேலை பார். திருப்பூரில் பஞ்சு இல்லாத வேலையை எங்கே போய்த் தேடுவது? டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதற்காகத்தான் அவள் அந்த லிங்க் வேலையைப் பிடித்தாள். சமாச்சாரம் இவ்வளவுதான்: ஒரு பெரிய ஆன்லைன் கடையில் இருக்கிற பொருளைப் பற்றி நாம் வீடியோ போடுவது, கீழே நமக்கென்று தந்திருக்கிற லிங்கைக் கொடுப்பது. அந்த லிங்கைத் தட்டி யாராவது பொருள் வாங்கினால் கடைக்காரன் நமக்கு ஒரு சின்னக் கமிஷன் தருவான். கமிஷன் என்ற வார்த்தையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பனியன் மொத்த வியாபாரம் நடக்கிற காதர்பேட்டையில் பாதிப் பேர் அதில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் சும்மா சொல்லக்கூடாது, பரிதாபமாக இருந்தது. வீடியோவைப் பார்ப்பார்கள், அக்கா சூப்பர் என்று எழுதுவார்கள், பிறகு வேறு எங்கேயாவது போய் வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவர்களிலும் சிலர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் வந்த கமிஷனும் கழிந்துவிடும். மிச்சம் இருப்பது கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். "இதுக்குக் கோயில் வாசல்ல செருப்புப் பாத்துக்கலாம்" என்று கிண்டல் செய்தேன். "செருப்புக் கிட்டயும் தூசிதான அண்ணாச்சி" என்று சிரித்தாள்.

அவளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. மேக்கப் இல்லை, பாட்டு இல்லை. ஆன்லைனில் வாங்கிய குழந்தைத் துணியைக் கேமரா முன்னால் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, கட்டைவிரலால் தோள் தையலைத் தடவிக் காட்டுவாள். "இந்தா பாருங்க, இந்த நூல் சொரசொரன்னு இருக்கு. பச்சப்புள்ள கழுத்துல இது உரசிக்கிட்டே இருக்கும். இத வாங்காதீங்க. இது நல்லாருக்கு, இத வாங்குங்க." அவ்வளவுதான். அந்த வீடியோ ஒன்று எப்படியோ ஊர் ஊராகச் சுற்றியது. எங்கெங்கோ இருக்கிற தாய்மார்கள் அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சில மாதத்தில் கம்பெனிச் சம்பளத்துக்குக் குறையாமல் பாங்கில் ஏறியது. எனக்கு வாய் அடைத்துப்போனது, ஒப்புக்கொள்கிறேன்.

அவள் கம்பெனியை விட்டு நின்றாள். மழைக்காலம் முடிவதற்குள் இருமல் குறைந்தது. ஒருநாள் படியேறி வந்தவள் கண்ணாடிப் பெட்டியைப் பிடிக்காமலே, "அண்ணாச்சி, இத ரெண்டு காப்பி எடுங்க" என்றாள். எனக்கு அது அன்றைக்கே உறைத்தது. சந்தோஷமாக இருந்தது.

பார்சல் கொண்டுவருகிற சந்தனத்தின் வண்டி அந்தக் காம்பவுண்டு வாசலில் அடிக்கடி நிற்பதை நான் கவனித்தேன். எல்லாம் பிரிசில்லா வீட்டுக்குத்தான் போகும். "சம்பாரிக்கறதுக்கு மேல சாமான் வாங்குது போல உங்கூட்டு அம்மிணி" என்று சகாயராஜைச் சீண்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம். மத்தியானம் கடைக்கு வந்து போனை நீட்டினாள். "இங்கிலீஷ்ல என்னமோ வந்திருக்கு அண்ணாச்சி. லிங்க் கணக்குக்குள்ள போகமுடியல. பாஸ்வேர்டு மாத்தணுமோ?"

படித்தேன். கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. நிபந்தனைகளை மீறியதால் இதுவரை சேர்ந்த கமிஷன் எதுவும் தரப்படாது. முடிவே இறுதியானது. மறுபடி படித்தேன். ஏதோ மோசடி மெயில் என்றே முதலில் நினைத்தேன். என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கணக்கு இல்லை. காரணம் கேட்டு எழுதினோம். அடுத்த நாள் அதே வாக்கியங்கள் திரும்பி வந்தன. பேசுவதற்கு ஒரு மனுஷன் இல்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையை விட்டு நிறுத்தினால்கூட எதிரே நின்று நாலு வார்த்தை கேட்கலாம். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

எவனோ வயிற்றெரிச்சலில் புகார் கொடுத்துவிட்டான் என்று நான் கத்தினேன். பிறகு அந்த நிபந்தனைகளைத் திறந்து உட்கார்ந்தேன். யாருமே படிக்காமல் சம்மதம் என்று டிக் அடிக்கிற சமாச்சாரம் அது. படித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு இடத்தில் இருந்தது: லிங்கின் சொந்தக்காரர் அந்த லிங்க் வழியாகத் தனக்கோ, தன் வீட்டாருக்கோ, நண்பர்களுக்கோ வாங்கக்கூடாது.

"அம்மிணி, உன்ற லிங்க்ல நீயே ஏதாச்சும் வாங்குனயா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. எனக்குன்னு ஒரு கைக்குட்டகூட வாங்கல."

அந்த நேரம் பார்த்துச் சந்தனத்தின் வண்டி வந்து நின்றது. பிரிசில்லாவைக் கடையிலேயே பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குத்தானுங்க இன்னைக்கும்" என்று பார்சல்களை இறக்கினார். அவள் தன் பர்சைத் திறந்து காசை எடுத்துக் கொடுத்தாள்.

"இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"நம்ம காம்பவுண்டு மருதாக்காவுக்கு குக்கர் வளையம். கடைசி வீட்டுக்காரங்களுக்கு கொசுவலை" என்றாள் சாதாரணமாக. "எல்லாரும் காலைலயே கம்பெனிக்குப் போயிருதாங்க. பார்சல் பகல்ல வருது, வாங்க ஆளில்ல. வீட்ல இருக்கது நான் ஒருத்திதான. அதான் என் பேரு, என் நம்பரு, என் விலாசம் குடுத்திருக்காங்க. காச நான் குடுத்திருவேன். சனிக்கிழம சம்பளம் வந்ததும் அவங்க தந்திருவாங்க."

"எந்த லிங்க்ல வாங்குறாங்க?"

"என் லிங்க்லதான் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு காசு சேரட்டும்னு. போன் பாக்கத் தெரியாதவங்களுக்கு நானே என் போன்ல போட்டுக் குடுத்திருவேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தூரத்தில் எங்கேயோ இருக்கிற மெஷினுக்கு மருதாளும் தெரியாது, சனிக்கிழமைச் சம்பளமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: லிங்க் பிரிசில்லாவுடையது; வாங்கிய பேரும் போனும் வீடும் காசும் பிரிசில்லாவுடையது. தனக்குத் தானே விற்றுக் கமிஷன் அடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டது. அவளுடைய வருமானத்தில் காம்பவுண்டுக்காரர்கள் வாங்கியது கைப்பிடி அளவுகூட இருக்காது. முகம் தெரியாத தாய்மார்கள் வாங்கிய அத்தனையும் அந்தக் குக்கர் வளையத்தோடு போய்விட்டது.

விளக்கிச் சொன்னேன். அவளுக்குப் புரிவதற்கு வெகுநேரம் ஆனது. புரிந்த பிறகும் அழவில்லை. "காதர்பேட்டையில புரோக்கர் தன் தம்பிக்குச் சரக்கு எடுத்துக் குடுத்தா கமிஷன் குடுக்காம விட்டுருவாங்களா அண்ணாச்சி? சொந்தக்காரங்களே வாங்காத யாவாரிய யாரு நம்புவா?" என்று கேட்டாள். சகாயராஜ் பேரில் புதிதாக விண்ணப்பித்துப் பார்த்தோம். அதே விலாசம் என்பதால் உடனே தள்ளிவிட்டார்கள்.

"காம்பவுண்டுல சொல்லிராதீங்க" என்றாள் போகும்போது. "அவங்க நல்லது நெனச்சிச் செஞ்சது. அதாலதான் போச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?" கணக்கைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவைத்தாள். அடுத்த திங்கட்கிழமை துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பழைய கம்பெனிக்கே செக்கிங்குக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் சந்தனம் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு என் கடைக்கு வந்தார். "அந்த ஊடு பூட்டியிருக்குதுங்க. எல்லாமே அங்கதானுங்க போகோணும். காசு யாருங்க குடுப்பாங்க?" அத்தனையும் பிரிசில்லா விலாசம். வேறு வழியில்லாமல் நான் காசைக் கொடுத்து இறக்கி வைத்தேன்.

அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு வந்த மருதாள் மூட்டையைப் பார்த்ததும் கடைக்குள் வந்துவிட்டார். அதே கம்பெனியில், தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிர் வெட்டுகிறவர், பேரன் பேத்தி இல்லாதவர். "வந்துருச்சுங்களா தம்பி? சம்பளம் வந்ததும் காசக் குடுத்தர்றமுங்க. நாங்கதானுங்க போட்டோம், காம்பவுண்டே சேந்து. அந்தப் புள்ள சொல்லிக் குடுத்தாப்புலயே அவ விலாசத்துக்கு, அவ லிங்கையே தட்டிப் போட்டமுங்க. ஏவாரம் ஓடுதுன்னு தெரிஞ்சா கணக்கத் தொறந்துருவானுகல்லங்க?"

ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பிரிசில்லாவின் வீடியோவில் பேர் வாங்கிய அந்தக் குழந்தை பனியன். எல்லாப் பார்சலிலும் அதேதான். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறவர்கள் காசு கொடுத்துப் பனியன் வாங்கியிருக்கிறார்கள்.

"உங்க ஊட்டுல சின்னக் கொழந்தைங்க யாருங்கக்கா?"

"ஆருமில்லீங்க. அது ஆருக்கோ ஆகுது. அந்தக் கண்ணு மறுக்காவும் அந்தத் தூசியில வந்து நிக்குதேங்க, பாக்க முடியலீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். காம்பவுண்டில் சொல்லவேண்டாம் என்று பிரிசில்லா கேட்டுக்கொண்டது குறுக்கே நின்றது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்குப் பிரிசில்லா ஓவர்டைம் பார்க்காமல் பொழுது சாயும்போதே வந்துவிட்டாள். படியேறியதும் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். முன்னைவிட அதிக நேரம் பிடித்தபடி நின்றாள். நான் மூட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் சொன்னேன். அவள் ஒரு பனியனை எடுத்து, பழக்கத்தில் உள்பக்கம் திருப்பி, தோள் தையலைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவங்க ஆசையா வாங்குனத நான் எப்படித் திருப்ப?" என்றாள். "நல்ல தையல் அண்ணாச்சி."

ஆளுக்குப் பாதி தூக்கிக்கொண்டு காம்பவுண்டுக்குப் போனோம். ஒவ்வொரு கதவாகத் தட்டி, நன்றி சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனாள். எல்லாரும் அவளைவிடச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மருதாள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, "கணக்கு தொறந்துட்டாங்கக்கா. போதும், இனி யாரும் வாங்க வேண்டாம்" என்றாள். அவர்கள் இன்னும் காசைக் கரியாக்கக் கூடாது என்றுதான் அந்தப் பொய். எனக்குத் தெரியும்.

மருதாளின் முகம் அப்படியே மலர்ந்தது. "நாஞ் சொன்னனல்லோ!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு பிரிசில்லாவின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை ஒன்றொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"அப்பறம் என்னத்துக்குக் கண்ணு இன்னைக்கும் கம்பெனிக்கு வந்தே? நாளையிலிருந்து நின்னுக்கறயா?"

பிரிசில்லா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருக்க, மருதாள் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.