இரண்டு குழாய்களும் ஒரே சாம்பல்

எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்க இறங்குகிறவன், தன் காற்றுக்குழாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெரும்பாலும் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பான். கூடப் பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. பதினெட்டு வருடம் என் தங்கை புருசனுக்கு நான்தான் குழாய் பார்த்தேன். அவன் அடியில் சங்கு தேடுவான். நான் படகில், குழாய்க்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தேன். எழுந்தால் கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. உலகம்தான் வெளுத்துப்போயிருந்தது. வேப்பமரம், பிளாஸ்டிக் வாளி, மனைவியின் சேலை எல்லாம் சாம்பல்.

கண் டாக்டர் கண்ணில் கோளாறே இல்லை என்று அனுப்பிவிட்டார். ஸ்கேனைப் பார்த்த நரம்பு டாக்டர்தான் சொன்னார். "கண்ணு அனுப்புறதை வச்சு இது சிவப்பு, இது பச்சைன்னு பிரிச்சுச் சொல்றது மூளையோட பின்பக்கம், அடியில இருக்கிற சின்ன இடம். ரெண்டு பக்கமும் அங்க ரத்தம் போகாம செத்துப்போச்சு."

"திரும்ப வருமா சார்?"

"கஷ்டந்தான்" என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பல்பு ஃபியூஸ் போனதைச் சொல்வதுபோல அவர் சொன்னது எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் மீன்குழம்பு சேற்றுத்தண்ணீராகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடப் பழகினேன். ஒருநாள் சும்மா உட்கார்ந்து செம்பருத்திப் பூவை நினைத்துப் பார்த்தேன். மனசுக்குள்ளும் அது சாம்பலாகத்தான் வந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வெறும் மயக்கம் என்று மனைவியிடமும் மழுப்பிவிட்டேன். சொன்னால் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள். மாப்பிள்ளையின் குழாய் சிவப்பு, அவனோடு இறங்கும் இன்னொருவரின் குழாய் பச்சை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சிவப்பு எப்போதும் கம்ப்ரசரில் காற்றைத் திறந்து மூடும் இடதுபக்கத் திருகில்தான் இருக்கும், அது போதுமே என்று நினைத்தேன். அடையாளத்துக்கு ஒரு துணித்துண்டைக் கட்டியிருக்கலாம். ஏன் கட்டுகிறாய் என்று கேட்பார்களே என்று அதையும் செய்யவில்லை. வீம்பு, வேறென்ன?

ஒருநாள் கம்ப்ரசரை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினோம். மெக்கானிக் குழாய்களை இடம் மாற்றி மாட்டியிருந்திருக்கிறான். கண் இருக்கிற எவனுக்கும் அது ஒரு விஷயமே இல்லை.

மறுநாள் கடலில் பச்சைக் குழாய்க்காரர் முதலில் மேலே வந்து படகில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டியபடி தலை துவட்டினார். ஏறியவரின் காற்றை அடைப்பது வழக்கம். வலதுபக்கத் திருகை அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழி நின்றது. புரிந்துவிட்டது. பதறித் திறப்பதற்குள் மாப்பிள்ளை அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். நான் குதித்து அவனைத் தாங்கினேன். அவன் மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது. தொட்டுப் பார்த்த பிறகுதான் ரத்தம் என்று தெரிந்தது.

உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. அத்தனை ஆழத்திலிருந்து படக்கென்று மேலே வந்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். மெஷின் மக்கர் செய்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தங்கையிடம் அடுக்களையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல்லயே ஒரு வார்த்த சொல்லிருந்தா வேற ஆள வச்சிருப்போம்லாண்ணே" என்றாள்.

மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம். மச்சான் குதிக்கலேன்னா அன்னைக்கே போயிருப்பேன்னு வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதாரு. காலுதான் போச்சு. அவருக்குன்னு அந்த ஒரு நெனப்புதான் மிச்சம் இருக்கு. அதையும் எடுத்துராத."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்து அவனைப் பார்க்கப் போகிறேன். அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறான். தங்கை காபி கொண்டுவந்து வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.