மஞ்சள் துணியில் முடிந்த கால் டொலர்

பேரின்பநாதன் கையில் மிச்சக்காசைக் கொடுத்தால் மனிதர் எண்ண மாட்டார். புரட்டிப் பார்ப்பார். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரொன்றில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்து மரக்கறிக் கடையொன்றில் அவர் காசாளர். வரிசை வாசல்வரை நீண்டு, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டாலும், கனடாக் காசுக்குள் ஒரு அமெரிக்கக் கால் டொலர் கலந்து வந்துவிட்டால் அவருடைய கட்டைவிரல் அப்படியே நின்றுவிடும். தன் பையிலிருந்து ஒரு கனடாக் காசைப் போட்டுவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் இறக்கிக்கொள்வார். கோயிலில் ஐயரின் தட்டில் காசு போடும்போதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஐயரும் பாவம், தட்டைப் பிடித்தபடி பொறுத்துக்கொள்வார்.

இந்தக் காசுப் பித்தை, இந்த விசரை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவரல்ல, மகள் சாருஜா. சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றதில் ஒரு மட்டை வரைபடம் வாங்கிவந்தாள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது துளை. ஒவ்வொரு துளையிலும் அந்த மாநிலத்துக்கு அடித்த கால் டொலரைப் பொருத்த வேண்டும். தகப்பன் கடையில் நிற்பவர், பிள்ளை கேட்டது, சரி பார்ப்போம் என்று தொடங்கினார். படம் நிறைந்தபோது பிள்ளை கை தட்டியது. தகப்பனுக்கோ அடுத்தது என்ன என்று கை அரித்தது.

அடுத்தது எழுத்து. அமெரிக்கக் கால் டொலரில் வாஷிங்டனின் குடுமிக்குப் பின்னால் கடுகளவு ஓர் எழுத்து இருக்கும். P என்றால் பிலடெல்பியா, D என்றால் டென்வர். இந்த இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் 2019இலும் 2020இலும் வெஸ்ட் பொயின்ற் என்ற இடத்தில் W போட்டுக் கொஞ்சக் காசு அடித்து, யாருக்கும் தனியாக விற்காமல், மற்றக் காசோடு காசாகக் கலந்து விட்டார்கள். கிடைக்கிறவனுக்குக் கிடைக்கட்டும் என்று. அந்த W ஒன்று வேண்டும். விலை கொடுத்து வாங்கக் கூடாது, காசுக்குள்ளிருந்து தானாக வர வேண்டும். இது தகப்பனும் மகளும் செய்துகொண்ட சத்தியம்.

அதற்காக மாதம் ஒருமுறை எல்லை தாண்டி பிளாட்ஸ்பர்க் வரை காரோட்டிப் போவார். அங்கே ஒரு வங்கியில், காகிதத்தில் சுற்றிய கால் டொலர் சுருள்களை வாங்குவார். பார்த்து முடித்ததை வேறொரு வங்கியில் கொடுப்பார். வாங்கிய இடத்தில் கொடுத்தால் பார்த்த காசே திரும்பி வந்து கழுத்தை அறுக்கும். சாருஜா இப்போது ஒரு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள், இருபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றைக்கும் தகப்பனுக்கு எதிரே உட்கார்ந்து பூதக்கண்ணாடியைப் பிடிப்பாள். "ஒரு வீட்டில ரெண்டு விசர்" என்பாள் தாய் ஜெகதீஸ்வரி. அவ்வளவுதான் அவளுடைய எதிர்ப்பு.

மாசி மாதம் சாருஜாவுக்குக் காய்ச்சல் வந்தது. garderie-யில் வேலை செய்கிறவர்களுக்குத் தடிமன் காய்ச்சல் புதிதில்லை என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஜெகதீஸ்வரி ஓடிப்போய், குசினி மேசையில் தட்டில் கொட்டிக் கிடந்த காசிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தாள். மகளின் தலையை மூன்று தரம் சுற்றினாள். மஞ்சள் கரைத்துத் தோய்த்த துணித்துண்டில் அதை வைத்து முடிந்தாள்.

"முருகா, என்ர பிள்ளையைத் தா. இந்தக் காசை அவளின்ர கையாலயே கொண்டுவந்து உன்ர உண்டியல்ல போடுவிப்பன்" என்று சொல்லிச் சாமிப்படத்தின் முன்னால் வைத்தாள்.

பேரின்பநாதனும் கும்பிட்டார். கும்பிட்ட கண் திறக்கும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. அது இன்னும் W தேடிப் பார்க்காத காசுத் தட்டு.

மனிதரைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அவரைப் போல ஒரு பழக்கத்தை வருடக்கணக்காக விரலில் வளர்த்தவர்கள் மட்டும் திட்டட்டும். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள், மருந்து ஏற்றினார்கள், இரண்டொரு நாளில் மூச்சு கொஞ்சம் சீரானது. தாய்க்கு மாற்றுடுப்பும் சோறும் எடுத்துவர அவர் வீட்டுக்கு வந்தார். மனம் சற்று இறங்கியிருந்தது. இறங்கிய மனத்துக்குத்தான் குரங்குச் சேட்டை வரும். சாமிப்படத்துக்கு முன்னால் நின்றார். பார்த்துவிட்டு அப்படியே முடிந்து வைக்கலாம், இதில் என்ன குறை வந்துவிடப் போகிறது என்று முடிச்சை அவிழ்த்தார்.

காசு முழுக்க மஞ்சள். வாஷிங்டனின் கன்னத்தில் குறுக்காக ஒரு கீறல். வருடம் 2020. W அடித்த வருடம். எழுத்து மஞ்சளுக்குள் மறைந்து கிடந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தார். D.

சப்பென்று போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு மூச்சு எடுக்கேலாமல் போச்சுது. ஐசியூவுக்குக் கொண்டு போயினம். குழாய் விடப் போயினமாம். ஓடி வாங்கோ" என்று ஜெகதீஸ்வரி கத்தினாள்.

அதற்குப் பிறகு கை என்ன செய்தது என்று அவருக்கே தெரியாது. கையிலிருந்ததைக் கோட்டுப் பைக்குள் போட்டார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியில் முடிந்தார். காரை எடுத்தார். ஆஸ்பத்திரி மூலையில் இருந்த dépanneur என்ற சில்லறைக் கடையில் ஜெகதிக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கி, பையிலிருந்து ஒரு பிடி காசை அள்ளிக் கொடுத்தார். அமெரிக்கக் கால் டொலரும் கனடாக் கால் டொலரும் கையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். விற்கிறவளும் பார்க்கவில்லை, வாழ்க்கையில் முதல் தரமாக அவரும் பார்க்கவில்லை.

சாருஜாவின் வாயில் குழாய் இருந்தது. மருந்தால் உறங்க வைத்திருந்தார்கள். இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. பேரின்பநாதன் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மஞ்சள் பூசிய தன் கட்டைவிரலைக் கண்டார்.

வீட்டுக்குத் திரும்பி ஓடித் துணியை அவிழ்த்தார். உள்ளே கழுகு போட்ட பழைய காசு, கன்னத்தில் கீறலில்லை. கோட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். அங்கேயும் இல்லை. மகளின் தலையைச் சுற்றிய காசைக் கொடுத்து அவர் தண்ணீர் வாங்கிவிட்டார்.

மறுநாள் கடை திறந்தவுடன் dépanneur வாசலில் நின்றார். அங்கே வேலை செய்யும் செலீன் நல்ல பெண். இந்த மனிதர் அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சியதைக் கேட்டு, பணப்பெட்டியையே இழுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் இல்லை. நேற்று மாலையே முதலாளி கால் டொலர்களைக் காகிதச் சுருளில் சுற்றி வங்கிக்குக் கொண்டுபோய்விட்டார் என்றாள். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத் தன் சொந்தப் பையைத் திறந்து ஒரு கால் டொலரை எடுத்து நீட்டினாள்.

"முசியு, இருபத்தைந்து சதம்தானே. இதை வைத்துக்கொள்ளுங்கள்."

பேரின்பநாதன் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அவள் பயந்துபோய் "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டாள்.

வங்கிக்குப் போனார். இயந்திரத்தில் சுற்றியது வேண்டாம், கையால் சுற்றிய காகிதச் சுருள் இருப்பதெல்லாம் தாருங்கள் என்றார். சில சுருள்கள் காலையிலேயே கைமாறிவிட்டன என்று சொல்லி மிச்சத்தைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி உணவுச்சாலையின் ஒரு மூலை மேசையில் உடைத்துக் கொட்டினார். ராணி, ராணி, மான், மான், ராணி, எல்லாம் கனடாக் காசு. எப்போதாவது ஒரு வாஷிங்டன். எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். கன்னம் வழுவழுப்பாக இருக்கும். கோட்டுப் பைக்குள் போடுவார். மேலே போய் மகளைப் பார்ப்பார். கீழே வந்து அடுத்த வங்கிக்குப் போவார். பார்த்த காசைத் திரும்பப் பார்ப்பது முட்டாள் வேலை என்று மற்றவர்களுக்குப் புத்தி சொன்னவர், இப்போது பார்த்ததையே மறுபடி கொட்டிப் பார்த்தார். ஒருவேளை கண் தப்பியிருக்கலாம். ஒருவேளை கீறல் மறுகன்னத்தில் இருந்திருக்கலாம். காசில் வாஷிங்டனுக்கு ஒரு கன்னம்தான் உண்டு என்பதுகூட அவருக்கு மறந்து போயிருந்தது.

ஜெகதீஸ்வரி மகளின் பக்கத்தை விட்டு அசையவில்லை. புருஷன் எங்கே போய்ப் போய் வருகிறார் என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை. "வீட்டில விளக்கேத்தினீங்களோ? அந்தக் காசு முன்னால இருக்குத்தானே?" என்று மட்டும் கேட்பாள். அவர் ஓம் என்பார். துணி அவருடைய காற்சட்டைப் பையில் கிடந்தது. சரியான காசு கிடைத்த கணமே முடிந்துவிட வேண்டும் என்று கையோடு கொண்டு திரிந்தார்.

அப்படி ஒரு மத்தியானம், மேசையில் ஒரு வாஷிங்டன் வந்தது. 2020. கன்னத்தைப் பார்த்தார். கீறல் இல்லை. போடப் போனவர், பழக்கம் விடாமல் குடுமிக்குப் பின்னால் பார்த்தார்.

W.

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பளிச்சென்று இருந்தது. அதற்காகத்தான் எல்லை தாண்டிப் போனார், அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் போயின. இது கிடைக்கும் அன்றைக்கு சாருஜா கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வருவார் என்று எத்தனை தரம் சிரித்திருக்கிறார்கள். மேலே அவள் வாயில் குழாயோடு கிடந்தாள்.

"இப்ப ஏன் வந்தனி?" என்று காசைப் பார்த்துக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பேரின்பநாதனுக்கு அதைத் தூக்கி எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. மற்றக் காசுகளோடு கோட்டுப் பைக்குள் எறிந்துவிட்டு, அடுத்த சுருளை உடைத்தார்.

அன்றைக்கு மாலை டொக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிறுநீரகமும் சோர்ந்து வருகிறது, நாளைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் போனபின் பேரின்பநாதனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து மனைவியின் மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவிழ்த்தது, துடைத்தது, தண்ணீர்ப் போத்தல், வங்கி, எல்லாம்.

ஜெகதீஸ்வரி துணியைக் கையில் எடுத்தாள்.

"பிள்ளையின்ர தலையைச் சுத்தின காசையுமே பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனீங்கள்?"

"பூதக்கண்ணாடி வைக்கேல்ல, ஜெகதி."

"வாயை மூடுங்கோ."

மூடினார். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் துணியைப் பிரித்து, உள்ளேயிருந்த கழுகுக் காசை நிலத்தில் தட்டிவிட்டாள். அது உருண்டு கதிரைக்குக் கீழே போனது. எழுந்து மகளின் கட்டிலருகே போனாள்.

"வாங்கோ இஞ்ச. உங்கட பொக்கற்றுக்க காசு கிடக்குதோ?"

"கிடக்கு."

"ஒண்டு தாங்கோ. பாக்காமல் தாங்கோ. முகத்தை அங்கால திருப்புங்கோ."

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். உள்ளே ஒரு பிடி அமெரிக்கக் காசு, அதற்குள் எங்கேயோ அந்த W. விரல்கள் பழக்கத்தில் விளிம்பைத் தடவின, மேட்டைத் தேடின. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைப் பிடித்து, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி நீட்டினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி வாங்கி, குழாய்களில் முட்டாமல் மகளின் தலையை மூன்று தரம் சுற்றினாள். கண்ணாடிக்கு அப்பால் நின்ற தாதி பார்த்தாள், தடுக்கவில்லை. முடிச்சு இறுகும் சத்தம் கேட்டதா, கேட்டதாக நினைத்தாரா என்று அவருக்குத் தெரியாது. அதுவரை திரும்பவில்லை.

"இதை நான் வைச்சிருக்கிறன்" என்றாள் அவள்.

மறுநாளும் நிலைமை அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். பிறகு சிறுநீரகம் கொஞ்சம் வேலை செய்தது. இயந்திரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார்கள். காசால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று அவர் யாரோடும் கதைக்கவில்லை. அந்தக் கோட்டின் பைக்குள் கை விடாமல், குளிரில் விறைத்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

குழாயை எடுத்த அன்று சாருஜாவுக்குக் குரல் வரவில்லை. தாய் உதட்டை நனைத்துவிட்டாள். தகப்பனைக் கண்டதும் மகள் ஏதோ சொல்ல முயன்றாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"அப்பா, டபிள்யூ கிடைச்சுதோ?"

பேரின்பநாதனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கிடைச்சது மகள்."

"எங்க? காட்டுங்கோ."

"எங்கையெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

மரங்கள் துளிர்த்தபோது மூவரும் செயின்ற்-ரெஜிஸில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனார்கள். வெயில் அடித்தும் பேரின்பநாதன் அந்தக் குளிர்காலக் கோட்டைப் போட்டிருந்தார். எலும்பும் தோலுமாயிருந்த சாருஜா முடிச்சைக் கையில் வாங்கினாள். கதை முழுக்க அவளுக்கு இப்போது தெரியும். துணிக்கு மேலாலேயே விரலால் தடவிப் பார்த்தாள். தகப்பனின் மகள்தானே.

"ஒருக்காத் திறந்து பாப்பமே அப்பா?"

ஜெகதீஸ்வரி இருவரையும் பார்த்த பார்வையில் பேரின்பநாதன் ஓரடி பின்வாங்கினார். பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். "போடு மகள்" என்றார்.

சாருஜா போட்டாள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மிச்சமிருந்ததைப் பிடி பிடியாக அள்ளி, முருகனையே பார்த்துக்கொண்டு உண்டியலுக்குள் இறக்கினார். பை காலியானது. சாருஜாவுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, ஒண்டையெண்டாலும் பாத்திருக்கலாம்."

"நான் பாத்தது காணும், போதும்" என்றார் பேரின்பநாதன்.