சைவ ஓணான்

ஓர் ஓணானைச் சைவமாக்கிய பெருமை எங்கள் வீட்டுக்கு உண்டு. வலியசாலை அக்ரஹாரமே அந்தப் பெருமையைக் கொண்டாடியது. எனக்கு இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மலையாளித் தோழியை ஒரு வருடத்துக்கு வெளிநாடு போகச் சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு பியர்டட் டிராகன் வளர்த்தாள். முழ நீள ஓணான், கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி முள், மற்றபடி பரம சாது. அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடு, வேறொன்றும் வேண்டாம் என்றாள். கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

என்ன போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் தந்தாள். காய்கறியை அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடச் சிறிதாக நறுக்க வேண்டும். பூசணி, கோவைக்காய், முருங்கை இலை, செம்பருத்திப் பூ போடலாம். வெங்காயம், வெண்ணெய்ப்பழம், சேம்பு இலை கூடவே கூடாது. பசலை, முளைக்கீரை எப்போதாவது கொஞ்சம். தினம் போட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. அதற்காகவே ஒரு வெள்ளைப் பொடி, காய்மேல் தூவ. கடைசியில், வாரத்துக்கு மூன்று நாள் புழு. ஒரு டப்பா உலர்ந்த புழுவையும் கையில் கொடுத்திருந்தாள்.

அந்த டப்பாவை அலுவலகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பூண்டு நுழையாத வீடு எங்களுடையது. என் கணவர் முட்டை போட்ட கேக்கை ஜங்ஷனிலேயே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அந்த வீட்டில் புழுவைப் பற்றிப் பேசவே முடியாது.

ஓணான் வந்த இரண்டாம் நாளே அதன் சாப்பாட்டை மாமியார் எடுத்துக்கொண்டார். நான் விடிந்ததும் ஓட வேண்டியவள், அதனால் விட்டுக்கொடுத்தேன். நறுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோவைக்காயைக் கடுகளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் கீரை என்றால் தெம்பு என்பது அவருடைய தீர்மானம். தினம் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினார். தினம் வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நாலு பிள்ளைகளைக் கீரை போட்டே வளர்த்தவளுக்கு நீ சொல்லித் தர வேண்டாம் என்றார். காலையில் நான் எடுத்துவைத்த காய்மேல் தூவிவிட்டுப் போன வெள்ளைப் பொடியை, காய்க்கு அடித்த பூச்சிமருந்து என்று நினைத்து, மஞ்சள் தண்ணீரில் இரண்டு தரம் அலசிவிட்டே அவர் போட்டுவந்தார். இது எனக்குத் தெரியவே மாதக்கணக்காயிற்று.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்பும் மாமிகள் எங்கள் கூடத்தில் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள். போன ஜன்மத்தில் வைதிகனாக இருந்திருக்கும் என்று ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கணவரின் தோளில் அது ஒருநாள் ஏறிவிட, பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பல்லி விழுந்த பலன் பார்த்தார்கள். வெற்றி என்று போட்டிருந்ததாம். அதைத் தன் ஆபீஸில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார் மனிதர். எனக்கு ஒவ்வொருத்தரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அதன் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் வைத்த பூசணித் துருவல் வாயிலிருந்து வழிந்து கீழே விழுந்தது. தாடையைத் தொட்டேன். ரப்பர் மாதிரி வளைந்தது.

மாடு, நாய் தவிர வேறெதுவும் தெரியாத இரண்டு டாக்டர்களைத் தாண்டி, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். பட்டியலைச் சொன்னேன். பூச்சி? இல்லை என்றேன். வேண்டிய சத்து சாப்பாட்டில் கிடைக்காததால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொண்டிருக்கிறது, தாடை கரைந்துவிட்டது என்றார். சொட்டு மருந்து, வெயில், புழு, பொடி, இத்தனையும் உடனே வேண்டும் என்றார். புழுவுக்குப் பதிலாக வெஜிடேரியனாக ஏதாவது உண்டா என்று கேட்டார் என் கணவர். டாக்டர் முன்னால் என்பதால் தப்பித்தார்.

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடையில் புழு கிடைத்தது. அதை நசுக்கி, தினம் காலையில் மொட்டைமாடி வெயிலில் வைத்துத் திருட்டுத்தனமாக ஊட்டினேன். கீரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்றதும் மாமியார் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். டாக்டர் சொன்னால் கேட்பார்கள், மருமகள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று அதற்கும் பொருமினேன். ஓணான் பிழைத்தது. தாடை கோணலாகவே நின்றுவிட்டது. ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டே நடந்தது.

தோழி திரும்பி வந்தாள். மாமியார் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்து, பெருமை பொங்கச் சொன்னார்: “இத்தனை நாள்ல ஒரு எறும்பைக்கூடத் தொட்டதில்லையாக்கும். அசல் சைவம்.”

தோழி அதை மடியில் வைத்து, கோணிப்போன தாடையை விரலால் தடவினாள். பிறகு மலையாளத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், புழு கொடுக்கவில்லையா என்று.

ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் மாமியார் பக்கம் திரும்பியது. விருந்தாளி இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“அதுக்குப் புழு வேணும்மா. மொதல் நாளே எனக்குத் தெரியும். இந்தாத்துல யார்கிட்டச் சொல்றது? உங்க சைவந்தான் அதோட எலும்பைத் தின்னுடுத்து” என்றேன்.

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“தெரிஞ்சா சொல்ல வேண்டாமோடீ? கொல்லைல வெச்சுப் போட்டிருக்கலாமே. பல்லி பூச்சி திங்கும்னு எனக்குத் தெரியாதா? கொண்டுவந்த அன்னிக்கே இது என்ன திங்கும்னு உன்னைக் கேட்டேனே. நீதானே கறிகாய்னு சொன்னே?”

நீங்கள் சம்மதித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், கேட்டார். கூண்டைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.