சீனுவாசன் எழுதாமல் விட்ட வார்த்தை

சீனுவாசன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். திண்டிவனம் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் பதினாறு வருஷமாக அவர்தான் ரைட்டர். புகார் கொடுக்க வருகிறவர்கள் அழுதுகொண்டே கொட்டுவதை ஒழுங்குபடுத்தி எழுதுகிற ஏட்டு. கெட்ட வார்த்தை அவர் வாயிலும் வராது, பேனாவிலும் வராது. யார் யாரை எப்படித் திட்டியிருந்தாலும் 'அசிங்கமாகத் திட்டி' என்று எழுதி முடித்துவிடுவார். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் ஒருநாள் அம்சா வந்தாள். காலனிக்காரி, கூலி வேலைக்குப் போகிறவள். ஊர்த் தெரு வழியாக ஸ்கூட்டியில் வந்தவளை ஊர்க்காரர் நடராசன் மறித்து, காலனிக்காரி இந்தத் தெருவில் வண்டியில் வருவதா என்று டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் வீசிவிட்டார். வண்டியை ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

சீனுவாசன் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். "இந்தாம்மா, கையெழுத்துப் போடு."

"படிச்சுக் காட்டுங்க சார். படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்னு சட்டமே இருக்குதாமே."

வன்கொடுமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. சீனுவாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். 'அசிங்கமாகத் திட்டி' வந்ததும் அம்சா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவரு சொன்னது அது இல்லியே."

"அந்த வார்த்தைய எப்பிடிம்மா எழுதறது? அசிங்கம்."

"எங்க வீட்டுக்காரரு பெரியதம்பிக்கும் நீங்கதான் எழுதினீங்க, இதே மாதிரி. சாதியச் சொன்னதா இதுல எங்க இருக்குதுன்னு விழுப்புரம் கோர்ட்டுல எதிராளி வக்கீலு கேட்டாரு. கேஸு பூடுச்சு." அம்சா அழவில்லை. "அத்தினி பேரு முன்னாடி அத நான் கேட்டுக்கினு நின்னேன். எழுதறதுக்கு உங்களுக்குக் கூச்சமா இருக்குதா?"

சீனுவாசனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த வழக்கில் கூண்டேறி, ஆமாம் என் கையெழுத்துதான் என்று சொன்னவரும் அவர்தான். கேஸ் தோற்றதற்கு இரண்டு நாள் வருத்தப்பட்டாரே ஒழிய, தோற்கடித்தது தன் நாகரிகம்தான் என்று அந்த நிமிஷம்வரை உறைத்ததில்லை. இத்தனை வருஷமும் யாருடைய மானத்தைக் காப்பாற்றினோம்? திட்டியவனுடையதைத்தான்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். "என்ன சீனு, வாய்த்தகராறுன்னு போட்டு அனுப்புப்பா. பேசி முடிச்சுக்கலாம்."

"முடியாதுங்க சார். வன்கொடுமை கேஸு. இப்பவே எஃப்.ஐ.ஆர். போடணும். இல்லாட்டி நம்ம மேலயே கேஸு வரும்."

பதினாறு வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. "சரி, போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

புதுத் தாள் எடுத்தார். அந்த இடம் வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது; பிறகு அந்த வார்த்தையையும் முத்து முத்தாக எழுதினார். வாய்விட்டுப் படித்தார். "இதான் சார் அவரு சொன்னது" என்று கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கிக்கொண்டு போனாள் அம்சா.

ஒன்றரை வருஷம் கழித்து விழுப்புரத்தில் சீனுவாசன் மறுபடி கூண்டேறினார். சாதியைச் சொன்னதாக எங்கே இருக்கிறது என்று நடராசனின் வக்கீலும் கேட்டார். சீனுவாசன் கோர்ட் முழுக்கக் கேட்கும்படி அந்த வரியைப் படித்தார். நடராசனுக்கு ஒரு வருஷ ஜெயில்.

அன்று அம்சா ஊர்த் தெரு வழியாகவே ஸ்கூட்டியில் வீடு போய்ச் சேர்ந்தாள்.